“ரொம்ப அவசரம்ங்க!”: மென்பொருளில் பிழை திருத்தம் கேட்பவர்களின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி வியாபாரிகள், ஏற்காட்டில் சில காப்பித் தோட்டங்கள் ஆகியோருக்கு பில், எடை, கூலிக் கணக்கு பார்க்கும் மென்பொருள் ஒன்றை எழுதிப் பராமரிக்கிறோம். நிரல் எழுதுபவர்கள் நான்கு பேர், சோதித்துப் பார்ப்பவர் ஒருவர், போன் எடுப்பவள் நான். எட்டு வருஷமாக அதே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, அதே பதில்களைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

“பக்குன்னா என்னங்க? நான் எதைச் சொன்னாலும் ‘அது பக் இல்லை’ங்கறீங்க.”

இதைச் செய்யும் என்று நாங்கள் சொன்னதை மென்பொருள் செய்யாமல் விட்டால், அல்லது தப்பாகச் செய்தால், அது பக். தமிழில் பிழை. நாங்கள் சொல்லவே இல்லாத ஒன்று உங்களுக்குத் தேவைப்பட்டால் அது புது வசதி. பில்லில் கொலுசு ஜோடியின் எடை வரவில்லை என்றால் பிழை. எடைக்குப் பக்கத்தில் கொலுசின் போட்டோவும் வேண்டும் என்றால் புது வசதி.

இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். புது வசதி கேட்டால் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு மூன்றாவது ரகமும் இருக்கிறது: மென்பொருளில் ஒன்றும் மாறவில்லை, அரசாங்கத்தின் விதி மாறிவிட்டது. அதைப் பற்றி ஜிஎஸ்டி கேள்வியில் சொல்கிறேன்.

“எல்லாருக்கும் அவசரம்தான். எது முதல்லன்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க?”

இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறோம். ஒன்று பாதிப்பு, அதாவது பிழை எவ்வளவு கெடுக்கிறது என்பது. இன்னொன்று முன்னுரிமை, அதாவது அதை எப்போது கையில் எடுப்பது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும். சேராத இடத்தில்தான் சண்டை வருகிறது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய வாட் அறிக்கையை ஒருவர் திறந்தார். மென்பொருள் அப்படியே மூடிக்கொண்டது. பாதிப்பு பெரிது. ஆனால் அந்த அறிக்கையை வருஷத்துக்கு ஒருவர் திறந்தால் அதிகம், அவருக்கும் அடுத்த மாதம் கிடைத்தால் போதும். இன்னொரு கடையில் பில்லின் தலைப்பில் கடைப் பெயரில் ஒரு எழுத்து தப்பு. கணக்கு எதுவும் கெடவில்லை, பாதிப்பு சின்னது. ஆனால் தீபாவளிக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பில் அந்தத் தப்போடு வெளியே போகும். அதை அன்று மதியமே சரி செய்தோம்.

“போன்ல சொல்லிட்டேனே, அது போதாதா? எதுக்கு எழுதி வேற அனுப்பச் சொல்றீங்க?”

போனில் சொல்வது எனக்குக் கேட்கும். திருத்தப் போகிறவர் நான் இல்லை. நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டு, புரிந்ததை அவரிடம் சொல்லி, அவர் அதைத் தன் வழியில் புரிந்துகொள்வதற்குள் ‘எடை வரவில்லை’ என்பது ‘எடை தப்பாக வருகிறது’ என்று மாறியிருக்கும். நடந்திருக்கிறது.

எனக்கு அதிகம் வரும் வாட்ஸ்அப் செய்தி இதுதான்: “சிஸ்டம் வேலை செய்யல. அர்ஜென்ட்.” இதை வைத்துக்கொண்டு எங்களால் செய்ய முடிந்தது திரும்பப் போன் போடுவது மட்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் அனுப்பியதைப் பாருங்கள்: “நேற்று காலையிலிருந்து கூலி ரசீது போட்டு ‘சேமி’ அழுத்தினால் எடை இடம் காலியாகிறது. பதிப்பு 4.2. கல்லாப்பெட்டிக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். பட்டறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் சரியாக வருகிறது. இருபது பேர் ரசீதுக்கு நிற்கிறார்கள். இப்போதைக்குக் கையால் எழுதிக் கொடுக்கிறோம்.” கூடவே திரையின் போட்டோ ஒன்று.

எப்போது ஆரம்பித்தது, என்ன செய்தார், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் நடக்கவில்லை, எத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், திருத்தம் வரும் வரை சமாளிக்க இடைவழி உண்டா என்று எல்லாமே அதில் இருக்கிறது. ‘பட்டறையில் சரியாக வருகிறது’ என்ற ஒரு வரி எங்களுக்கு அரை நாளை மிச்சப்படுத்தியது. பிழை நிரலில் இல்லை, அந்த ஒரு கம்ப்யூட்டரின் அமைப்பில் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ‘அவசரம்’ என்ற சொல்லை அவர் எழுதவே இல்லை என்பதையும் கவனியுங்கள். இருபது பேர் நிற்பதைப் படித்ததும் எங்களுக்கே தெரிந்தது.

“என் கடைல பில்லே ஓடல. இன்னொருத்தர் கடைல ஓடுது, மூணு கிராம்தான் வித்தியாசம். நீங்க முதல்ல அவர்கிட்ட போனீங்க. இது நியாயமா?”

இந்தக் கேள்வி சத்தமாகத்தான் கேட்கப்பட்டது. என் பதில் அன்றும் இன்றும் ஒன்றே. வெள்ளிக் கடைக்காரரையே கேட்கிறேன்: கடையில் இரண்டு தராசு. ஒன்று எரியவே இல்லை. இன்னொன்று எரிகிறது, ஆனால் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. எதை முதலில் எடுத்து உள்ளே வைப்பீர்கள்? எரியாத தராசில் யாரும் நிறுக்கப் போவதில்லை. குறைத்துக் காட்டும் தராசில் சாயங்காலம் வரை நிறுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அன்று நடந்தது என்னவென்றால், கொலுசின் மொத்த எடையை டச், அதாவது வெள்ளியின் சுத்தச் சதவீதத்தால் பெருக்கிச் சுத்த வெள்ளி எவ்வளவு என்று மென்பொருள் கணக்குப் போடும். 85.37 கிராம் கொலுசு, 72.5 டச் என்றால் 61.89325 கிராம். அதை இரண்டு தசமத்தில் நிறுத்த வேண்டும். அடுத்த இலக்கத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ முழுமையாக்க வேண்டிய இடத்தில் எங்கள் புதுப் பதிப்பு வெறுமனே வெட்டிவிட்டது. முழுமையாக்கினால் ஒரு வரியில் கூடும், இன்னொரு வரியில் குறையும், மொத்தத்தில் ஏறக்குறைய சமமாகிவிடும். வெட்டினால் எல்லா வரியும் ஒரே பக்கம் குறையும். வரிக்குச் சராசரியாக 5 மில்லிகிராம். அறுநூறு வரி ஏறியதும் 3 கிராம். வெள்ளியை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் கொலுசு செய்து திருப்பிக் கொடுக்கிற ஆசாரி, தான் 3 கிராம் தர வேண்டியிருப்பதாகப் பேரேட்டில் பார்க்கிறார். அவர் திருடவில்லை. எங்கள் நிரல்தான் அப்படிச் சொன்னது.

அதனால் எங்கள் முதல் வரிசை எப்போதும் ‘தப்பான கணக்கு சத்தமில்லாமல் வெளியே போகிறது’ என்பதற்குத்தான். வேலை முழுக்க நின்றுபோனது அடுத்த வரிசை. உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அதற்கு மன்னிப்புக் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். வரிசையை மட்டும் மாற்ற மாட்டேன்.

“நாலு கடைக்காரங்க சேர்ந்து கூப்பிட்டா சீக்கிரம் ஆகுமா?”

நாலு பேருக்கும் அந்தப் பிழை இருந்தால் ஆகும். ஒருவருக்கு இருந்து, மற்ற மூன்று பேர் சிநேகிதத்துக்காகக் கூப்பிட்டால் ஆகாது. ‘எனக்கும் அப்படித்தான்’ என்று சொல்பவர்கள் கூடவே பதிப்பு எண்ணையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

“நான் ‘மிக அவசரம்’னு குறிச்சு அனுப்பினேன். நீங்க ‘சாதாரணம்’னு மாத்திட்டீங்க. மரியாதைக் குறைவா இருந்துச்சு.”

நீங்கள் குறிப்பது உங்கள் கடையிலிருந்து தெரிகிற அளவு. நாங்கள் மாற்றுவது மற்ற கடைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகு. இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தில் பிழைகளுக்கு ஏழு படிகள் உண்டு: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், கடைசியில் விஷ்லிஸ்ட், அதாவது ஆசைப் பட்டியல். முதல் மூன்று படியில் இருப்பது திருந்தாமல் புதுப் பதிப்பில் போகக்கூடாது என்பது அங்கே விதி. பிழையைச் சொல்பவரே படியைக் குறிக்கலாம், பராமரிப்பவர் அதை மாற்றலாம். ஒவ்வொரு படிக்கும் என்ன அர்த்தம் என்று எழுதி வைத்திருப்பதால் பேச்சு ஆளைப் பற்றிப் போகாமல் விஷயத்தைப் பற்றி நடக்கிறது.

எங்கள் பக்கத்திலும் ஒரு குற்றம் இருந்தது. காரணம் எழுதாமல் மாற்றிக்கொண்டிருந்தோம். இப்போது மாற்றினால் ஒரு வரி காரணம் வரும். அந்தக் காரணம் தப்பு என்று பட்டால், எங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒரு விவரத்தோடு திரும்ப எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகு படியை மறுபடி உயர்த்திய சந்தர்ப்பங்கள் உண்டு. ‘ப்ளீஸ்’ போட்டதால் உயர்த்தியது இல்லை.

“தற்காலிகமா ஒரு வழி சொல்லிக் குடுத்தீங்க. அதோட மறந்துட்டீங்களா?”

ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவார்கள். சுற்றுதான், ஆனாலும் மேலே போய்ச் சேரலாம். அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற பழைய பாதையை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். இடைவழி கொடுத்தால் பிழையின் அவசரம் குறையும். பிழை தீராது.

பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்து குழம்பி வந்தது இதற்கு நல்ல உதாரணம். அந்த பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். முதலில் ‘ஆங்கிலத்தில் அடியுங்கள்’ என்றோம். அது இடைவழி. பிறகு பில் முழுவதையும் படமாக மாற்றி பிரிண்டருக்கு அனுப்பினோம். அது திருத்தம். நடுவில் ஐந்து மாதம் போனது உண்மை. அதில் மூன்று மாதம் நாங்கள் மறந்தே போனோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது இடைவழி கொடுத்த ஒவ்வொன்றுக்கும் மறுபடி பார்க்கும் தேதி ஒன்றைப் போட்டு வைக்கிறேன். தேதி தாண்டினால் தயங்காமல் கேளுங்கள்.

“இருபதாம் தேதி கடைசி நாள். பத்தொன்பதாம் தேதி சொன்னா முடியாதா?”

முயற்சி செய்வோம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கை பதினோராம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கு இருபதாம் தேதி என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதமானால் 20 ரூபாய், வரி பாக்கிக்கு வட்டி தனி. தேதி நெருங்க நெருங்கச் சின்னப் பிழைக்கும் முன்னுரிமை ஏறும். ஒன்பதாம் தேதி வரை சாதாரணமாக இருந்த, ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றும் கோப்பின் பிழை பத்தாம் தேதி காலையில் முதல் வரிசைக்கு வந்துவிடும்.

பத்தொன்பதாம் தேதி எங்களுக்குச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பிழையை ஐந்தாம் தேதியே பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. ‘அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று விட்டது. பார்த்த அன்றே சொல்லுங்கள். அன்றே திருத்துவோம் என்று வாக்குத் தரவில்லை, தேதிக்கு முன் வரிசையில் ஓர் இடம் போட்டு வைக்க முடியும்.

முதல் கேள்வியில் சொன்ன மூன்றாவது ரகம் இங்கேதான் வருகிறது. 2025 செப்டம்பர் 3 அன்று வரி விகித மாற்றத்தை அறிவித்தார்கள், 22ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. 12, 28 என்ற படிகளில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5, 18க்கு நகர்ந்தன. எங்கள் மென்பொருளில் பிழை இல்லை, ஆனால் 22ஆம் தேதி காலையில் பழைய விகிதம் போட்டால் ஒவ்வொரு பில்லும் தப்பு. இந்த மாதிரி வேலையை நாங்கள் அவசரம் என்று குறிப்பதில்லை. நாள் தெரிந்த வேலை அது. முன்கூட்டியே மாற்றி வைப்போம்.

“தமிழ்ல பார்ட்டி பேரு போட்டா பாதி வெட்டுப்படுது. சின்ன விஷயம்னு ஒரு தடவை சொன்னீங்க, இன்னொருத்தர் சொன்னப்ப ஓடி வந்தீங்க. ஏன்?”

ஒரே பிழை, இரண்டு கடையில் இரண்டு மாதிரி கடித்தது. கண்ணுக்கு ‘செவ்வாய்ப்பேட்டை’ எட்டு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் அது பதினாறு குறிகள். அவற்றைச் சேமித்து வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் இடம், ஆக 48 பைட். பெயருக்கு 30 பைட் போதும் என்று எங்களில் ஒருவர் ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து ஒதுக்கிவிட்டார். 30 பைட்டில் பத்துக் குறி அடங்கும். அதனால் ‘செவ்வாய்ப்’ என்பதோடு பெயர் நின்றது.

முதலில் சொன்னவருக்கு பில்லில் பெயர் அரைகுறையாக அச்சானது. அசிங்கம்தான், கணக்கு சரி. இரண்டாமவருக்கு ‘செவ்வாய்ப்பேட்டை முருகன்’, ‘செவ்வாய்ப்பேட்டை குமரன்’ என்று இரண்டு பார்ட்டிகள். வெட்டிய பிறகு இரண்டும் ‘செவ்வாய்ப்’. கலர் பென்சிலால் பிரித்தாலும் தெரியாது. ஒருவர் பாக்கி இன்னொருவர் பேரேட்டில் ஏறியது. தராசுக் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பிழைக்கு மட்டும் படி போட முடியாது, அது உங்கள் இடத்தில் என்ன செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் ‘இதே பிழையை ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார்’ என்று தெரிந்தாலும் உங்கள் கடைக் கதையைச் சொல்லச் சொல்கிறேன்.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்டேட் போட்டதும் போச்சு. பழசுக்கே போயிடலாமா?”

முன்பு நன்றாக ஓடியது புதுப் பதிப்பில் கெட்டால் அதற்கு எங்களிடம் தனி மரியாதை உண்டு, வரிசையில் ஒரு படி மேலே போடுவோம். நீங்கள் எதுவும் செய்யவில்லை, நாங்கள்தான் கெடுத்தோம். கண்டுபிடிப்பதும் சுலபம். கிட் என்ற கருவியில் எல்லா மாற்றமும் வரிசையாகப் பதிவாகியிருக்கும். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் ஆயிரம் மாற்றம் இருந்தாலும், பாதியில் ஒன்றைச் சோதித்து, மீதியில் பாதியைச் சோதித்து என்று போனால் பத்துச் சோதனையில் குற்றவாளி கிடைத்துவிடும். ‘எந்தத் தேதி வரை சரியாக இருந்தது’ என்று நான் துருவித் துருவிக் கேட்பது இதற்காக.

பழசுக்குத் திரும்புவது பல நேரம் நல்ல யோசனைதான், திருத்தம் வரும் வரை மூச்சு விடலாம். ஆனால் நீங்களாகச் செய்யாதீர்கள். புதுப் பதிப்பு உங்கள் தரவின் அமைப்பை மாற்றியிருந்தால், பழைய மென்பொருளுக்கு அது புரியாது. புரிந்த மாதிரி நடித்து எழுதிவிட்டால் இன்னும் மோசம். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.

“ஒரு வரி மாத்தினா போதும்னு உங்க ஆபீஸ் பையனே சொன்னான். அதுக்கு எதுக்கு ரெண்டு நாளு?”

அந்தப் பையன் சொன்னது சரி. மாற்ற ஐந்து நிமிஷம். அந்த ஒரு வரி வேறு எதையும் கெடுக்கவில்லை என்று பார்க்கத்தான் மீதி நேரம். தராசுக் கேள்வியில் சொன்ன வெட்டு விவகாரமும் ஒரு வரி மாற்றத்தில் வந்ததுதான்.

2021 டிசம்பரில் உலகம் முழுக்க லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில், அதாவது பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில், ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. அவசரமாக 2.15.0 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. அது முழுமையாக அடைக்கவில்லை என்று 2.16.0 வந்தது, அதிலும் ஒரு குறை தெரிந்து 2.17.0 வந்தது. எல்லாம் அந்த ஒரே மாதத்துக்குள். அவ்வளவு பெரிய ஓட்டைக்கு முதல் திருத்தத்தை உடனே விட்டது சரி என்றே நினைக்கிறேன், காத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அவசரத் திருத்தம் போட்டவர்கள் மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஓர் அப்டேட் நம் நேரம் காலை 9.39க்குப் போனது. 10.57க்கே திரும்பப் பெற்றுவிட்டார்கள், 78 நிமிஷம்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன, பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதன் விளைவு. நாங்கள் அவசரத் திருத்தத்தைக்கூட முதலில் பிழையைச் சொன்னவருக்கும் இன்னும் இரண்டு கடைகளுக்கும் மட்டும் அனுப்பி, அரை நாள் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு விடுகிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் முதல் வரிசைப் பிழை தவிர வேறு எதற்கும் அப்டேட் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கப் போகிறவள் நான் என்பதால் இந்த விதியை நானே போட்டேன்.

“வேற கடை கணக்கு என் திரையில தெரியுது. எல்லாருக்கும் தெரியட்டும்னு குரூப்ல போட்டுடவா?”

தயவுசெய்து வேண்டாம். என்னைத் தனியாகக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும். இது ஒருமுறை நடந்தது: இணைய முகவரியில் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்த கடையின் ரசீது திறந்தது. யார் எந்த டச்சில், என்ன கூலிக்குச் செய்கிறார் என்பது இந்தத் தொழிலில் வீட்டு ரகசியம் மாதிரி. குரூப்பில் போட்டிருந்தால் நாங்கள் அடைப்பதற்குள் பத்துப் பேர் எண்ணை மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

பாதுகாப்பு ஓட்டையை முதலில் சம்பந்தப்பட்டவரிடம் ரகசியமாகச் சொல்லி, அடைக்க அவகாசம் கொடுத்து, பிறகே ஊருக்குச் சொல்வது இந்தத் துறையின் பழக்கம். இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் கொடுக்கிறது. ஊருக்குச் சொல்வதும் அவசியம்தான், இல்லாவிட்டால் அடைக்க வேண்டியவர்கள் தூங்கிவிடுவார்கள். எங்கள் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு ஒரு கிலோ குண்டு மாம்பழம் கொடுத்தோம். சீசனாக இருந்தது.

“காசு அதிகம் குடுக்கறவங்களுக்கு முன்னுரிமை உண்டா? மறைக்காம சொல்லுங்க.”

உண்டு, ஓரளவுக்கு. வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை மதித்தாக வேண்டும். ஒரே படியில் இரண்டு பிழை நின்றால் ஒப்பந்தக்காரருடையது முதலில் போகும்.

படியை மட்டும் காசு மாற்றாது. ஒப்பந்தம் போட்ட பெரிய கடையின் அறிக்கையில் நிறம் தப்பு, ஒப்பந்தம் இல்லாத சின்னப் பட்டறையில் எடை தப்பு என்றால் பட்டறைதான் முதலில். இதைச் சொன்னதற்காக ஒரு வாடிக்கையாளரை இழந்தோம். முதலாளி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. விதி அப்படியே இருக்கிறது.

“ஏற்காட்டுல எங்க தோட்டத்துல நெட்டே கிடைக்காது. எங்களுக்கு அவசரம் வந்தா?”

காப்பி அறுவடை நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பழம் பறிக்கிறவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி. வார முடிவில் எல்லோருக்கும் பணம் கொடுக்க வேண்டும், அன்றைக்குப் பார்த்துக் கணக்கு உதைக்கும். மழையும் மூடுபனியும் என்றால் செல்போனும் கிடைக்காது. அதனால் தோட்டங்களுக்கு இரண்டு ஏற்பாடு. கூலிப் பட்டியலை முந்தைய நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தப்பு இருந்தால் ஒரு ராத்திரி கையில் இருக்கும். தினசரி எடை நோட்டைக் கையாலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

திருத்தத்தைப் பென் டிரைவில் அனுப்புவோம். ஒரு தடவை எங்கள் தம்பி பைக்கில் இருபது வளைவும் ஏறிப் போய், டிரைவைச் செருகினால் உள்ளே இருந்தது போன மாதத்துப் பதிப்பு. இறங்கி, மறுபடி ஏறினான். அன்றிலிருந்து கோப்போடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் தாளில் எழுதி அனுப்புகிறோம், இங்கேயே ஒத்துப் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

“சரி பண்ணியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. ஆனா பழைய கணக்கு அப்படியேதானே இருக்கு?”

இதுவரை வந்ததில் கெட்டிக்காரக் கேள்வி இது. நிரலைத் திருத்தினால் நாளைய கணக்கு சரியாகும். நேற்று வரை ஏறிய தப்பு தானாகப் போகாது. எடை வெட்டுப்பட்ட விஷயத்தில் நிரல் ஒரே நாளில் முடிந்தது. பேரேட்டைச் சரி செய்ய மூன்று வாரம் ஆனது.

மூல எடையும் டச்சும் தனித்தனியாகப் பதிவாகியிருந்ததால் ஒவ்வொரு வரியையும் மறுபடி கணக்குப் போட முடிந்தது. ஆனால் பழைய வரியை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதவில்லை. பழையது அப்படியே நிற்க, பக்கத்தில் வித்தியாசத்தைத் தனி வரியாக வரவு வைத்தோம். ஆசாரி கையில் பழைய எண்ணோடு ரசீது இருக்கிறது. நாளைக்கு அவர் வந்து கேட்டால் இரண்டும் ஒத்துப் போக வேண்டும். பிழையைச் சொல்லும்போதே ‘பழைய கணக்கையும் பார்க்க வேண்டுமா’ என்று கேளுங்கள். நாங்கள் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேளுங்கள், அதற்குத் தனியாக ஓர் எண் போட்டு வரிசையில் வைப்போம். பிழை மூடிவிட்டது என்று செய்தி வந்தாலும் அந்த எண் மூடும் வரை பழைய ரசீதுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

“ராத்திரி பத்து மணிக்கு மேல கூப்பிட்டா எடுப்பீங்களா?”

எடை தப்பு, வரி தப்பு, அடுத்தவர் கணக்கு தெரிகிறது என்றால் எடுப்பேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்றால் காலை ஒன்பதரைக்கு.